தன்னைப் பற்றிச் சொல்லுவது தற்பெருமையா?



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுதுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தோட்டத்து ரோட்டில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர் ஒருவருடைய மகன் வந்தான். வயது 19. எஸ்.பி.எம். பரீட்சையில் நல்ல விதமாகத் தேறியவன். செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்கு வேலைக்கு மனுப் போட்டு, இண்டர்வியூவுக்குப் போய்த் திரும்பி வருகிறான். முகம் வாடியிருந்தது.

"உன்னைப் பற்றிச் சொல்லு" என்று கேட்டார்களாம். பெயரைச் சொன்னான், ஊரைச் சொன்னான், தகப்பனார் பெயரைச் சொன்னான், அதோடு நின்றுவிட்டான். "முன் அனுபவம் ஏதேனும் உண்டா?" என்றார்களாம். "இல்லை" என்றான். ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்துவிட்டது.

எனக்குத் திகைப்பாகப் போய்விட்டது. அந்தப் பையனைச் சிறு வயதிலிருந்தே நான் அறிவேன். 14 வயது முதல், பள்ளிக்கூடம் விட்டால் தகப்பனார் கடையில்தான் நிற்பான். லாரி வந்தால் சரக்கை எண்ணி இறக்குவான். தோட்டத்து ஜனங்களின் பற்று வரவு நோட்டு முழுவதும் அவன் கையெழுத்து. சம்பள நாளன்று வசூலுக்குப் போவதும் அவன்தான். தமிழ் பேசுவான், மலாய் பேசுவான், இன்று தோட்டங்களில் வேலை செய்யும் வங்காளதேசத்து ஆட்களுக்கும் புரியும்படி நாலு வார்த்தை சொல்லுவான். ஸ்டோர் கிளார்க்கு வேலைக்கு இதைவிட வேறு என்ன அனுபவம் வேண்டும்?

"இதையெல்லாம் ஏன் தம்பி சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒரு வேலையா சாச்சா? அத்தாவுக்குக் கூடமாட நின்னதுதானே. அதைப் போய் அங்கே சொன்னா பெருமையடிக்கிற மாதிரி இருக்காதா?" என்றான்.

அதே வாரத்தில் மற்றொரு வாலிபனுடைய கதையும் காதில் விழுந்தது. அவன் ஒரு கிடங்கு வேலைக்குப் போய், "போர்க்லிப்ட் ஓட்டத் தெரியும், ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறேன், சர்டிபிகேட் பிறகு கொண்டு வருகிறேன்" என்று சொல்லி வேலையை வாங்கிக்கொண்டான். மூன்றாம் நாள் வண்டியை எடுக்கச் சொன்னபோது அடுக்கி வைத்திருந்த சரக்கெல்லாம் சரிந்தது. ஆள் யாருக்கும் காயமில்லை, அல்ஹம்து லில்லாஹ். வேலை போயிற்று. ஏனப்பா இப்படிச் செய்தாய் என்றதற்கு, "எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்" என்றானாம்.

ஒருவன் உள்ளதைச் சொல்லக் கூச்சப்பட்டான். மற்றவன் இல்லாததைச் சொல்லத் துணிந்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டு விழிக்கிறார்கள். ஆகவே, தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது மார்க்கத்துக்கு அடுத்ததா, அல்லவா? சொல்லலாம் என்றால் எதுவரை சொல்லலாம்? மதரஸாவில் நான் ஓதிய சொற்ப ஓதலைக் கொண்டும், கடையில் கற்ற பாடத்தைக் கொண்டும் இதை யோசித்துப் பார்க்கிறேன். பிழையிருந்தால் ஆலிம் பெருமக்கள் திருத்துவார்களாக.

நம் பாட்டனார் காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. அன்று இண்டர்வியூ ஏது? தோட்டத்துக்கு ஆள் வேண்டுமானால் கங்காணி தம் ஊருக்குப் போய்ச் சொந்தபந்தங்களைத் திரட்டி, நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாம் வழியாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நின்றது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதும் 1938-ல் இந்திய அரசாங்கம் தடுத்ததோடு முடிந்தது. நம் கடைகளிலும் அப்படித்தான். ஊரிலிருந்து ஒரு கடிதம் வரும். "இன்னார் மகன் வருகிறான், பார்த்துக்கொள்ளவும்" என்றிருக்கும். பையன் வந்து கல்லாவுக்குப் பின்னால் நிற்பான். அவனுக்காகப் பேச ஒருவர் இருந்தார். அவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

இன்று காலம் மாறிவிட்டது. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புகளும் தொழிற்பேட்டைகளும் வந்துகொண்டிருக்கின்றன. 1998-ல் எல்லைக்கு அப்பால் செப்பாங்கில் பெரிய விமான நிலையம் திறக்கப்பட்ட பிறகு, நீலாய், லாபு பக்கமெல்லாம் உருமாறிப் போயிற்று. செனாவாங், செண்டாயான் பக்கங்களில் தொழிற்சாலைகள் பெருகியிருக்கின்றன. நம் பிள்ளைகள் எல்லோருக்கும் கடையில் இடமில்லை. எல்லோருக்கும் கடையில் இஷ்டமும் இல்லை. அவர்கள் முன்பின் அறியாதவர் முன்னால் தனியாகப் போய் உட்கார்ந்து, தங்களைத் தாங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெர்கேசோ நடத்தும் மைபியூச்சர்ஜாப்ஸில் கைப்பேசி வழியாகப் பதிந்தாலும், அங்கேயும் முதல் கேள்வி "உன் தகுதி என்ன?" என்பதுதான்.

நாமோ பிள்ளைகளுக்கு என்ன சொல்லி வளர்த்தோம்? பெரியவர் முன்னால் வாய் பேசாதே, உன்னை நீயே மெச்சிக்கொள்ளாதே என்றோம். அது தவறல்ல. உங்களை நீங்களே பரிசுத்தவான்கள் என்று புகழ்ந்துகொள்ள வேண்டாம் என்ற கருத்து திருமறையில் சூரா நஜ்மின் 32-வது வசனத்தில் வருகிறது. அப்துர் ரஹ்மான் இப்னு சமுரா (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள், அதிகாரப் பதவியை நீராகக் கேட்டு வாங்காதீர் என்று புத்தி சொன்னதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இவற்றை மட்டும் பார்த்தால், வாய் மூடிக்கொண்டு வந்த பையன் செய்ததே சரி என்று தோன்றும்.

ஆனால் அதே திருமறையில் யூசுப் (அலை) அவர்களின் சரித்திரமும் இருக்கிறது. மிஸ்று தேசத்து அரசரிடம் அவர்கள், நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடும்படி கேட்டார்கள். தாம் பத்திரமாகப் பாதுகாக்கிறவர், விஷயம் அறிந்தவர் என்று தம் வாயாலேயே சொன்னார்கள். சூரா யூசுபின் 55-வது வசனம் அது. ஒரு நபி தம்மைப் பற்றித் தாமே சொல்கிறார்; அல்லாஹு தஆலா அதைக் கண்டிக்காமல் நமக்கு எடுத்துச் சொல்கிறான்!

அந்தச் சொல் எப்போது வந்தது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். சிறையில் இருந்தபோது, விடுதலையாகிப் போகிற ஒரு தோழரிடம், உம் எஜமானரிடம் என்னைப் பற்றிச் சொல்லும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். போனவர் மறந்துவிட்டார், சில வருஷங்கள் சிறையிலேயே கழிந்தன. பிறகு அரசர் கண்ட கனவுக்கு விளக்கம் கேட்டு ஆள் வந்தது. அப்போது அவர்கள் கூலி பேசவில்லை. ஏழு வருஷம் பயிரிட்டு, விளைந்ததைக் கதிரோடு சேமித்து வைத்து, பின்வரும் ஏழு பஞ்ச வருஷங்களைத் தாண்டும் வழியை முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். அரசர் அழைத்தபோதும் உடனே ஓடிவிடவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட பழியை விசாரியுங்கள் என்று தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். பெயர் துலங்கிய பிறகே வெளியே வந்தார்கள். அரசர் பேசிப் பார்த்து நம்பிக்கை தெரிவித்த பின்னரே தமக்கு எது முடியும் என்று சொன்னார்கள். அந்தச் சொல்லுக்கு முன்னால் செயல் நின்றது. பின்னால் ஒரு தேசத்து ஜனங்களின் பசி நின்றது. அதைத் தற்பெருமை என்று யார் சொல்ல முடியும்?

மூஸா (அலை) அவர்களின் சம்பவம் வேறு விதமானது. மத்யன் தேசத்துத் தண்ணீர்த் துறையில், இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் காட்டிவிட்டு நிழலில் ஒதுங்கினார்கள். தம் தேவையை அல்லாஹ்விடம் மட்டும் சொன்னார்கள். மனிதரிடம் தம்மைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர்களுக்காக அந்தப் பெண்களில் ஒருவர் தகப்பனாரிடம் பேசினார்: கூலிக்கு அமர்த்துகிறவர்களில் சிறந்தவர் பலமும் நம்பிக்கையும் உள்ளவரே, ஆகவே இவரை அமர்த்திக்கொள்ளுங்கள் என்று. சூரா கஸஸின் 26-வது வசனத்தில் இது வருகிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் நாவு பேசுகிறது. மற்றொன்றில் செயல் பேசுகிறது. ஆனால் இரண்டிலும் கேட்கப்படும் தகுதி ஒன்றேதான்: காரியம் தெரிந்திருக்க வேண்டும், நம்பிக்கைக்குரியவராக இருக்க வேண்டும். இன்றைக்கு எந்தக் கம்பெனி இண்டர்வியூ நடத்தினாலும், நூறு கேள்வி கேட்டாலும், தெரிந்துகொள்ள விரும்புவது இந்த இரண்டையும்தான். வேலை தெரியுமா? நம்பலாமா?

நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தது அதிகாரத்தின்மேல் கொள்ளும் ஆசையை என்று ஆலிம்கள் விளக்குவார்கள். கைத்தொழிலுக்கும் கூலி வேலைக்கும் போய் நிற்பதை மார்க்கம் தடுக்கவில்லை. பிறரிடம் கையேந்துவதைவிட அது மேல் என்றே போதிக்கிறது. பதவிக்கு ஆசைப்படுவது வேறு. இந்த வேலை எனக்குத் தெரியும் என்று உண்மையைத் தெரிவிப்பது வேறு.

அப்படியானால் எல்லை எது? இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாமெல்லாம் வியாபாரிகள், நம் தராசிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசம் செய்கிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் உள்ள ஹதீஸ் இது. வாங்குகிறவரும் விற்கிறவரும் உண்மை பேசி, உள்ளதை விளக்கிச் சொன்னால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்ற ஹதீஸையும் நாம் அறிவோம்.

வேலைக்குப் போகிறவன் விற்பது தன் உழைப்பையும் நேரத்தையும். ஆகவே அவனுக்கும் இதே சட்டம்தான். போர்க்லிப்ட் ஓட்டத் தெரியும் என்றவன் ஈர அரிசிமேல் காய்ந்த அரிசியைப் பரப்பி விற்றான். சரி, அந்த முதல் பையன்? அவன் நல்ல அரிசி மூட்டையைப் பின்கட்டில் பூட்டி வைத்துவிட்டு, கேட்டு வந்தவரிடம் சரக்கில்லை என்று சொல்லி அனுப்பினான். கேட்டவர் அனுபவம் உண்டா என்றார். உண்டு என்பதே உண்மை. இவன் இல்லை என்றான். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு அவன் சொன்னதும் உண்மையல்லாத வார்த்தைதானே? இரண்டும் ஒரே அளவு குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் இரண்டிலும் கேட்டவருக்குச் சரக்கின் உண்மை நிலை தெரியாமல் போயிற்று.

அந்தப் பையனிடம் நான் சொன்னதை மற்ற வாலிபர்களுக்கும் இங்கே எழுதுகிறேன். "நான் கெட்டிக்காரன், உழைப்பாளி, நாணயஸ்தன்" என்று குணத்தைச் சொல்லாதே; அது பிறர் சொல்ல வேண்டியது. நடந்ததைச் சொல்லு. "ஐந்து வருஷம் தகப்பனார் கடையில் நின்றேன். வரும் சரக்கை இன்வாய்ஸோடு சரிபார்த்தேன். தோட்டத்துக் குடும்பங்களின் கடன் கணக்கை நான் எழுதினேன். மாதக் கடைசியில் கணக்கு ஒத்துப் போகும்படி பார்த்துக்கொண்டேன்" என்று சொல்லு. இதில் பெருமை எங்கே இருக்கிறது? சரக்கின் மேல் எடையை எழுதி ஒட்டுவது போன்றதுதான் இது. கேட்கிறவர் நிறுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

தெரியாததைக் கேட்டால், தெரியாது, கற்றுக்கொள்ளத் தயார் என்று சொல்லு. உன் குறை என்ன என்று கேட்டால், வேலையைப் பாதிக்கும் குறையை மறைக்காதே. அதற்கு என்ன பரிகாரம் செய்கிறாய் என்பதையும் சேர்த்துச் சொல்லு. இங்கிலீஷ் பேசத் தடுமாறுகிறதா? அப்படியே சொல்லி, எப்படிப் பழகி வருகிறாய் என்று சொல்லு. ஆனால் அல்லாஹ் மறைத்துவைத்த சொந்தப் பாவங்களை அங்கே போய் விரித்து வைக்க வேண்டியதில்லை. சரக்கின் குறை வேறு, மனிதனின் அந்தரங்கம் வேறு. ஜும்ஆ தொழுகைக்கு நேரம் வேண்டுமென்றால் முதலிலேயே மரியாதையாகக் கேட்டுவிடு. வேலையில் சேர்ந்தபின் சொல்லாமல் எழுந்து போவது நல்லதல்ல.

சம்பளத்தைக் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். மத்யனில் அந்தப் பெரியவர் எட்டு வருஷம் என்று தவணை சொல்லி, பத்தாகப் பூர்த்தி செய்தால் அது உம் விருப்பம் என்றார். மூஸா (அலை) அவர்களும், இரண்டில் எதை நிறைவேற்றினாலும் தம்மீது வரம்பு மீறுதல் கூடாது என்று தெளிவாகப் பேசி, அல்லாஹ்வைச் சாட்சி வைத்தார்கள். நபிமார் பேசிய கணக்கை நாம் பேசுவது மரியாதைக் குறைவா? எத்தனை மணி நேரம், என்ன வேலை, எவ்வளவு கூலி, ஊழியர் சேமநிதி உண்டா, சொக்சோ உண்டா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை கொடுப்பதற்கு முன்னாலேயே உன்னிடம் பணம் கேட்கிறவனிடமிருந்து எழுந்து வந்துவிடு. அதிகச் சம்பளம் என்ற ஆசை வார்த்தையை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போன மலேசிய வாலிபர்கள் பலர் அங்கே அடைபட்டு, மோசடி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டதையும், அவர்களில் பலர் மீட்கப்பட்டதையும் 2022-ல் எல்லோரும் பத்திரிகையில் படித்தோம்.

இதுவரை வாலிபர்களுக்குச் சொன்னேன். இனி நமக்கு, அதாவது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் உங்களுக்கும், சில வார்த்தை.

அந்தப் பையன் "அதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டான் அல்லவா? அந்தக் கேள்வி எனக்கு இரவெல்லாம் உறுத்தியது. இந்த எண்ணத்தை அவனுக்கு யார் ஊட்டினார்கள்? நாம்தான். ஐந்து வருஷம் அவன் உழைத்தான். நாம் அதை வேலை என்று ஒருநாளும் சொன்னதில்லை. "சும்மா கூடமாட நிற்கிறான்" என்றோம். சம்பளம் என்று ஒன்று கொடுக்கவில்லை. கொடுத்தாலும் "செலவுக்கு வைத்துக்கொள்" என்று கொடுத்தோம். கணக்கு ஒத்துப்போன நாளில் ஒன்றும் சொல்லாமல், பிசகிய நாளில் மட்டும் சத்தம் போட்டோம். அப்படி வளர்ந்த பிள்ளை, அந்நியர் முன்னால் போய் "எனக்கு அனுபவம் உண்டு" என்று எப்படிச் சொல்லுவான்? அவனுடைய வாயைக் கட்டியது அடக்கம் என்று நினைத்தேன். பாதி கட்டியது நாம்.

பிள்ளைகள் விஷயம் இப்படியென்றால், கூலிக்கு வைக்கும் ஆட்கள் விஷயத்தில் நாம் உள்ளதைச் சொல்லுகிறோமா? "கடையில் சின்னச் சின்ன உதவி" என்று சொல்லிச் சேர்த்து, விடியற்காலை ரொட்டி வியாபாரத்திலிருந்து இரவு சாமான் கழுவுவது வரை ஒருவன் தலையில் கட்டினால், அதுவும் ஈர அரிசி வியாபாரம்தானே? சட்டம் இப்போது தெளிவாக இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் ஐந்து பேருக்குக் குறையாமல் வைத்திருப்பவர்களுக்கும், ஆகஸ்டு முதல் அதற்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கும் அமலுக்கு வந்துவிட்டது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்றிருந்த வேலை நேரம், 2023 ஜனவரி முதல் 45 ஆயிற்று. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். சிறு கடைக்காரருக்கு இது பாரம் என்பதை நான் அறியாதவன் அல்லன். நானும் அந்தப் பாரத்தைச் சுமக்கிறவன்தான். ஆயினும் முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வாதியாக நிற்பான் என்ற ஹதீஸ் புகாரியில் இருக்கும்போது, பாரம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

கடைசியாக, சிபாரிசு. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஏழெட்டு வருஷங்களுக்கு முன், உறவு முறையில் ஒரு பையன் என் கடையில் இருந்தான். இரண்டு தடவை கல்லாவில் கை வைத்தான். அவனுடைய தாயார் வந்து அழுதார்கள். நான் மன்னித்தேன், மன்னித்ததில் தவறில்லை. ஆனால் என் கடையில் வைத்துக்கொள்ள மனமில்லாமல், வேறோர் ஊரில் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவருக்கு, "பையன் நாணயமானவன், தைரியமாகக் கல்லாவில் வைக்கலாம்" என்று கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு முஸ்லிமுடைய குறையை மறைத்தால் அல்லாஹ் நம் குறையை மறைப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து அந்தச் சகோதரர் நேரில் வந்தார். "பாய், இது உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நஷ்ட ஈடு கேட்கவில்லை. சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு நானே போய்ப் பாதியைக் கட்டினேன். என் கடிதத்தின் பேரில் அவர் இனி யாரையும் சேர்க்கமாட்டார். நல்ல பையனை அனுப்பினாலும் சேர்க்கமாட்டார். அந்த நஷ்டத்தை நான் எப்படிக் கட்டுவது?

நல்ல சிபாரிசு செய்கிறவருக்கு அதில் ஒரு பங்கு உண்டு, தீய சிபாரிசு செய்கிறவருக்கு அதிலும் ஒரு பங்கு உண்டு என்ற கருத்தை சூரா நிஸாவின் 85-வது வசனத்தில் மதரஸாவிலேயே ஓதியவன்தான் நான். பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள், தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி யோசனை கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவரிடம் பொருளில்லை என்றும், மற்றவர் தடியைத் தோளிலிருந்து இறக்காதவர் என்றும் மறைக்காமல் சொன்னார்கள். நம்பி யோசனை கேட்கிறவரிடம் தேவையான குறையைச் சொல்லுவது புறம் பேசுவதாகாது என்பதற்கு இதையே ஆலிம்கள் ஆதாரமாக எடுக்கிறார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்களும் புறம் பேசுதல் கூடும் என்ற ஆறு இடங்களில் இதையும் ஒன்றாக எழுதியிருக்கிறார்கள்.

அன்று நான் என்ன எழுதியிருக்க வேண்டும்? "பையன் சுறுசுறுப்பானவன், அதிகாலையில் எழுந்து வேலை செய்வான், வாடிக்கைக்காரர்களிடம் பணிவாகப் பேசுவான். பண விஷயத்தில் ஒரு பலவீனம் கண்டேன். கொஞ்ச காலம் சரக்கு இறக்கும் வேலையில் வைத்துப் பாருங்கள்" என்று எழுதியிருந்தால், அவருக்கும் நஷ்டமில்லை, பையனும் திருந்தியிருப்பானோ என்னவோ. கல்லாவில் தடுமாறியவனை மறுபடியும் கல்லாவிலேயே உட்கார வைத்து, அவனையும் நான்தான் கெடுத்தேன். அன்று கங்காணி ஆள் சேர்த்தால் தலைக்காசு வாங்கினார். எனக்குக் காசு கிடைக்கவில்லை. என் கடையிலிருந்த தொல்லை தீர்ந்தது. அதுவே நான் வாங்கிய தலைக்காசு.

சகோதரர்களே! நம் கடைகளில் நின்ற ஒவ்வொரு பிள்ளைக்கும், அது சொந்தப் பிள்ளையானாலும் சரி, கடையின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை நின்றான், என்னென்ன வேலை செய்தான் என்று எழுதுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்தப் பையனுடைய தகப்பனாரிடமும் இதைச் சொன்னேன். "சொந்த மகனுக்கு நானே சர்டிபிகேட் கொடுப்பதா?" என்று சிரித்தார். மறுநாள் எழுதிக் கொடுத்தார். அதைப் படித்துப் பார்த்த பையன், "அத்தா இதையெல்லாம் கவனிச்சுக்கிட்டா இருந்தாங்க?" என்று என்னிடம் கேட்டான்.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். அடுத்துப் போன இடத்தில் கிடைக்கவில்லை. அங்கே அரை மணி நேரம் பேசினார்களாம். இன்னும் அனுபவமுள்ள ஒருவரை எடுத்துக்கொண்டார்களாம். இரண்டு மாதம் கழித்து, நீலாய்ப் பக்கம் ஒரு கிடங்கில் சேர்ந்திருக்கிறான். யூசுப் (அலை) அவர்களே சில வருஷங்கள் மறக்கப்பட்டிருந்தார்கள். ரிஜ்கு அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்லுவது நம் கையில் இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு உண்மை பேசும் நாவையும், ஹலாலான சம்பாத்தியத்தையும், நமக்கு அவர்கள் உழைப்பை மதிக்கும் மனத்தையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.